ஒப்புக்குச் சப்பாணிகள்

வகுப்பறையில் விளையாட்டு தேவையா இல்லையா என்று பட்டிமன்றம் வைக்க இந்தப் பதிவை எழுதவில்லை. தேவை. அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகவும் குழந்தை கற்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் அதற்கும் முன்பே, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். பாய் விரித்தார்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வைத்தார்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டும் ஆட்டமும் உண்டு. ஆக, காகிதத்தில் எல்லாரும் ஒரே கட்சிதான்.

என் சண்டை, "நாங்க கேம்ஸ் வெச்சுதாங்க பாடமே நடத்தறோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களோடு. என்னோடு பி.எட். படிக்கும் மக்களே, நீங்களும் இதில் அடக்கம். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது லெஸன் பிளானில் 'செயல்பாடு: குழு விளையாட்டு' என்று ஒரு வரி இல்லாவிட்டால் மேற்பார்வைக்கு வருகிறவர் முகம் சுளிப்பார் என்று எல்லாரும் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் நடப்பது இன்னொரு பரீட்சை. மார்க் ஷீட் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விழாவிலிருந்து குழந்தைகள் தினம் வரைக்கும் நம் பள்ளிகளுக்குத் தெரிந்த ஒரே 'ஆக்டிவிட்டி' அதுதான். 40 பிள்ளைகள், 39 நாற்காலி. ஒரு சுற்றுக்கு ஒருவர் அவுட். ஜெயித்தவர் யார் என்று தெரிய 39 சுற்று ஓட வேண்டும். எல்லாரும் எல்லாச் சுற்றிலும் ஆடினால் 40 பெருக்கல் 39, ஆக மொத்தம் 1560 வாய்ப்புகள். நிஜத்தில் கிடைப்பது 40, 39, 38 என்று 2 வரைக்கும் கூட்டிப் பார்த்தால் 819. கிட்டத்தட்டப் பாதி, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில் போய்விடுகிறது.

அந்தப் பாதி யாருடையது என்பதுதான் விஷயம். முதலில் அவுட் ஆகிறவர் ஒரே ஒரு சுற்று ஆடிவிட்டு 38 சுற்று வேடிக்கை பார்க்கிறார். அவர் யார்? வேகமாக ஓட முடியாதவர். கூச்சத்தில் அடுத்தவரை இடிக்காமல் ஒதுங்குகிறவர். பாட்டு நின்றது சரியாகக் காதில் விழாதவர். காலையில் சாப்பிடாமல் வந்தவர். ஆட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவரை அந்த ஆட்டமே முதலில் வெளியே அனுப்புகிறது. ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர் கடைசி வரை ஓடுகிறார். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முதல் ரேங்க் பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தால் ஊரே சிரிக்கும். இதற்கு மட்டும் கைதட்டுகிறோம்.

குளம்-கரையும் இதே கதைதான். 'குளம்' என்றால் உள்ளே குதி, 'கரை' என்றால் வெளியே குதி. தப்பாகக் குதித்தவர் அவுட். பயிற்சிக்குப் போன ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஆறாம் வகுப்பில் இந்த ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அழைப்பிலேயே ஒரு பெண் அவுட். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே கடைசி பெஞ்சுக்குப் போய், பையிலிருந்து நோட்டை எடுத்து, அடுத்த பீரியடுக்கு மார்ஜின் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. தினமும் செய்யும் வேலை மாதிரி செய்தாள். வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னிடம், "பாத்தீங்களா, எல்லாரும் எவ்ளோ ஆக்டிவா இருந்தாங்க" என்றார்.

அடுத்தது வினாடி வினா. இதற்கும் 'குழு விளையாட்டு' என்றுதான் பெயர். பையன்கள் ஒரு டீம், பெண்கள் ஒரு டீம். (வேறு மாதிரி பிரிக்க இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது போல!) 40 நிமிட பீரியடில் நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தாலும் 40 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்தான் வரும். அதுவும் வருவதில்லை. கை தூக்குகிற அதே நாலு பேர் பத்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். மீதி 36 பேருக்கு வேலை கைதட்டுவது. உடம்பும் அசையவில்லை, மூளையும் அசையவில்லை. தோற்ற டீமுக்குத் தோப்புக்கரணம் வேறு.

இந்தத் தோப்புக்கரணத்துக்கு ஒரு தனிப் பதிவே எழுதலாம். உடல் தண்டனையும் மனத்துன்பமும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். 'லேட்டா வந்தியா, கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு', 'தோத்துட்டியா, இருபது தோப்புக்கரணம் போடு' என்றே வளர்க்கிறோம். உடம்பை அசைப்பது தண்டனை என்று பத்து வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்தக் காலத்துப் பசங்க செல்போனை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாங்க என்று புலம்பினால் எப்படி?

நிற்க. டீம் பிரிக்கும் சடங்குக்கு வருகிறேன். நன்றாக ஆடும் இருவரைக் கேப்டன் ஆக்கி, 'நீ ஒரு ஆள் எடு, நீ ஒரு ஆள் எடு' என்பார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். 'சரி, நீ இந்தப் பக்கம் வா' என்று தலையெழுத்தே என்று ஒரு கேப்டன் கூப்பிடுவான். அந்தக் கடைசி ஆளுக்கு நம் மொழியில் ஒரு பெயரே இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. சில ஊர்களில் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். கால் நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல்லை ஆட்டத்தில் மதிப்பில்லாதவருக்குப் பெயராக வைத்ததிலேயே ஒரு கொடுமை இருக்கிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். தெருவில் அந்தப் பட்டத்துக்குள் கொஞ்சம் கருணையும் இருந்தது. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நாலு வயதுத் தம்பியை 'போடா' என்று விரட்ட முடியாது. அழுவான், அம்மாவிடம் சொல்வான். அதனால் 'அவன் ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பான். இரண்டு மாதம் ஓடிய பிறகு நிஜ ஆட்டக்காரனாகிவிடுவான். பள்ளிக்கூடம் அந்தக் கருணையை எடுத்துவிட்டு பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

நம் தெரு ஆட்டங்களையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொலை கொலையா முந்திரிக்காவில் யார் அவுட்? யாரும் இல்லை. முதுகுக்குப் பின்னால் துணி விழுந்தால் எழுந்து ஓடுகிறோம், இடம் பறிபோனால் நாம் சுற்றுகிறோம். கல்லா மண்ணாவில் மாட்டினால் அடுத்துப் பிடிப்பது நாம்தான். ஆட்டத்திலேயே பெரிய வேலை அதுதான்! பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் இழுத்துக் கோட்டைத் தாண்டவைத்தால் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுகிறோம். தோற்றவருக்கும் இடம் மாறுகிறதே தவிர ஆட்டம் போகவில்லை. ஐஸ் வாட்டரில் உறைந்து நின்றவரை இன்னொருவர் ஓடி வந்து தொட்டால் மறுபடி ஓடலாம். அடுத்தவரை மீட்பதே அதில் ஒரு ஆட்டம்.

'இதெல்லாம் சின்னப் பிள்ளை ஆட்டம்' என்பவர்களுக்கு, தமிழ்நாட்டின் மாநில விளையாட்டான கபடி. முரட்டு ஆட்டம், சந்தேகமே இல்லை. அதிலும் அவுட் ஆனவர் அப்படியே போய்விடுவதில்லை. எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் நம் பக்கத்தில் முதலில் வெளியே போனவருக்கு உயிர் வரும். ஒரு அணியின் 7 பேரும் மொத்தமாக அவுட் ஆகிவிட்டால் அதற்கு லோனா என்று பெயர், எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி. அதற்குப் பிறகு? அந்த 7 பேரும் திரும்பக் களத்துக்குள் வருகிறார்கள். மொத்த அணியும் செத்தாலும் பிழைக்க வழி வைத்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த நாம், எட்டு வயதுப் பிள்ளையை 'குளம்' என்றபோது 'கரை'யில் நின்றதற்காக 20 நிமிடம் மூலையில் உட்காரவைக்கிறோம்.

எல்லா ஆட்டத்திலும் அவுட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாவட்டப் போட்டியில் அவுட் இருக்கட்டும், கோப்பை இருக்கட்டும், தோற்றுப்போய் அழுதுகொண்டே பஸ் ஏறும் பிள்ளைகளும் இருக்கட்டும். அங்கே போகிறவர்கள் தாங்களே விரும்பிப் போகிறார்கள். வகுப்பறை அப்படி இல்லை. 6 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். 'எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம்' என்று எழுந்து போக முடியாத இடத்துக்கு ஒரு பிள்ளையை வரவைத்துவிட்டு, அங்கேயே 'நீ வெளியே' என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கணக்குப் பாடத்தில் ஒரு தப்புக்காக மீதி பீரியட் முழுக்க ஒரு பிள்ளைக்குப் பாடமே கிடையாது என்றால் ஒத்துக்கொள்வோமா? ஆட்டம்தான் பாடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

சரி, குறை சொல்வது சுலபம், நீ என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். மூன்று விதி போதும்.

ஒன்று, யாரும் வெளியே போகக் கூடாது. தப்புச் செய்தால் வேலை மாறலாம், பக்கம் மாறலாம், ஆட்டம் போகக் கூடாது.

இரண்டு, எல்லார் உடம்பும் அசைய வேண்டும். ஒருவர் ஓட 19 பேர் வரிசையில் நிற்பது ரேஷன் கடை.

மூன்று, கடைசியாகப் பொறுக்கப்படும் பிள்ளை இல்லாமல் ஆட்டம் முடியக் கூடாது. அந்தப் பிள்ளையின் கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது விதி என் கண்டுபிடிப்பு இல்லை. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வழிக் குழந்தைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் செய்த காரியம் எளிமையானது. பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அடுத்தவன் சொன்னால்தான் என் பாடம் முழுமையாகும். திக்கித் திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்தால் நஷ்டம் கேலி செய்தவனுக்கு. அது உட்கார்ந்து செய்யும் முறை. நாம் எழுந்து நின்று செய்வோம், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். தமிழில் உயிர் 12, மெய் 18. கூட்டினால் 30. கல்வி உரிமைச் சட்டம் சிறு தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லும் அளவும் ஆசிரியர் ஒருவருக்கு 30 பிள்ளைகள்தான். ஆக, ஒரு வகுப்பே முதலெழுத்து வரிசை! 12 பேர் கையில் உயிரெழுத்து அட்டை, 18 பேர் கையில் மெய்யெழுத்து அட்டை. மெய்கள் அவரவர் இடத்தில் இருப்பார்கள், உயிர்கள் ஓடுவார்கள். (இலக்கணத்தோடும் ஒத்துப்போகிறது, உயிர் இல்லாமல் மெய் அசையாது :-) விசில் அடித்ததும் ஒவ்வொரு உயிரும் ஒரு மெய்யிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் தங்கள் உயிர்மெய்யைக் கரும்பலகைக் கட்டத்தில் எழுத வேண்டும். ஜோடி கிடைக்காத 6 மெய்கள் அவுட் இல்லை. தலைமேல் கையை மடக்கிப் புள்ளியாக வைத்துக்கொண்டு 'க்', 'ங்' என்று தங்கள் ஒலியைச் சொல்லிவிட்டு அடுத்த விசிலுக்குத் தயாராவார்கள். ஏற்கெனவே சேர்ந்த ஜோடி மறுபடி சேரக் கூடாது.

நிரப்ப வேண்டியது 216 கட்டம். ஒரு விசிலுக்கு அதிகபட்சம் 12. ஆக, ஒரு தப்பும் இல்லாமல் ஆடினாலும் 18 விசில் வேண்டும். ஒரே நாளில் முடியாது, முடியவும் வேண்டாம். நேற்று கால் மணி நேரத்தில் எத்தனை கட்டம் நிரம்பியது, இன்று எத்தனை என்று பாருங்கள். எதிரணி, நேற்றைய நாமே. இப்போது மூன்றாவது விதிக்கு வாருங்கள். 'ங்' அட்டை வைத்திருக்கும் பிள்ளை இல்லாவிட்டால் 12 கட்டம் காலி. 'ஔ' வைத்திருக்கும் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் 18 கட்டம் காலி. ஓடவே முடியாத ஒரு பிள்ளை இருந்தால் மெய்யெழுத்து அட்டை கொடுங்கள், உயிர்கள் அவரைத் தேடி வரும். கையை உயர்த்தி அட்டையைக் காட்டட்டும், தலைமேல் புள்ளி வைக்கட்டும். வகுப்பில் 40 பேர் என்றால் சில அட்டைக்கு இருவர், 25 பேர் என்றால் சிலருக்கு இரண்டு அட்டை. ஆய்த எழுத்து என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அது டீச்சர். யாரோடும் சேராமல் தனியாக நின்று விசில் அடிப்பது அவர் வேலை.

கணக்குக்கும் இது நடக்கும். 0 முதல் 9 வரை அட்டை, மூன்று பேர் சேர்ந்து எண் ஆக வேண்டும். 3, 7, 0 வைத்திருப்பவர்கள் 730 ஆகவும் நிற்கலாம், 307 ஆகவும் நிற்கலாம், 037 ஆகவும் நிற்கலாம். பூஜ்யம் இடம் மாறினால் என்ன ஆகிறது என்பதை அந்தப் பூஜ்யமே நடந்து போய்த் தெரிந்துகொள்கிறது. '10-ஆல் வகுபடும் எண்' என்று டீச்சர் சொன்னால் பூஜ்யம் இல்லாமல் ஒரு குழுவும் நிற்க முடியாது. குளம்-கரையைக்கூடக் காப்பாற்றலாம். தப்பாகக் குதித்தவர் வெளியே போகாமல் அடுத்த அழைப்பை அவரே சொல்லட்டும். அழைப்பு சொல்லும் ஆசையில் பசங்க வேண்டுமென்றே தப்பாகக் குதிப்பார்கள். குதிக்கட்டுமே! 'ஒற்றை எண், இரட்டை எண்' என்று ஆட்டத்தை மாற்றிவிட்டால், அழைப்பவர் சரியாக ஒரு எண்ணை யோசித்துச் சொல்லியாக வேண்டும். பாடம் நடந்துவிட்டது.

இனி வழக்கமாக வரும் ஆட்சேபணைகள்.

'இடம் இல்லை.' 20 அடிக்கு 20 அடி அறையில் 40 பேர் என்றால் ஆளுக்கு 10 சதுர அடி. பெஞ்சைச் சுவரோரம் தள்ளினால் நின்று நகர இது போதும். பெஞ்ச் தரையில் பதித்திருக்கிறதா, பெஞ்சுக்கு நடுவே உள்ள சந்துதான் தெரு. எழுத்து ஆட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இருந்த இடத்திலேயே இருப்பதை மறக்காதீர்கள்.

'சத்தம், பக்கத்து கிளாஸ் டீச்சர் சண்டைக்கு வருவாங்க.' வாய் பேசாமல் ஆட வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். ஜாடையிலும் அட்டையைக் காட்டியும் ஜோடி தேடச் சொல்லுங்கள். ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும்.

'போர்ஷன் முடியாது.' நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 தொடக்கப் பள்ளிகளில் 499 பிள்ளைகளை வைத்து 2 ஆண்டுகள் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வாரம் 3 முறை கணக்கும் மொழியும் உடம்பை அசைத்தபடியே நடந்தன. இரண்டு நான்கு எவ்வளவு என்றால் 8 முறை குதிப்பது மாதிரி. எல்லாரும் சேர்ந்து குதிப்பார்கள். 2016-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மாதப் படிப்பு முன்னே இருந்தார்கள். வாசிப்பில் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, போர்ஷன் பின்னுக்குப் போகவில்லை.

'உலகமே போட்டிதான், தோல்வியைப் பழக வேண்டாமா?' வேண்டும். ஆனால் ஆட்டத்துக்குள் இருந்தால்தான் தோல்வி பழகும். மூலையில் உட்கார்ந்தவருக்குப் பழகுவது மூலை. தோற்று, மறுபடி ஓடி, மறுபடி தோற்று, ஒரு தடவை ஜெயிப்பதுதான் பழக்கம். முதல் சுற்றில் வெளியே போனவருக்கு அந்த மறுபடி எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், சாதியின் பெயரால். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சரிதான், கயிற்றை அறுக்க வேண்டும். அறுத்த பிறகு அந்தக் கை என்ன செய்யும்? 'உனக்குப் பிடிச்சவங்களோட டீம் சேர்ந்துக்கோ' என்று டீச்சர் சொன்னால் அந்தக் கை பழைய இடத்துக்கேதான் போகும். தெருவாரியாக, உறவுவாரியாகக் குழு சேர்ந்துவிடும். கையில் 'ம்' அட்டை இருந்து, இன்னும் சேராத ஒரே உயிர் 'ஈ' என்றால், அதை வைத்திருப்பவர் எந்தத் தெரு என்று பார்க்க நேரம் இருக்காது. ஒரு ஆட்டம் சாதியை ஒழித்துவிடும் என்று கதைவிட நான் தயாரில்லை. ஆனால் ஆறு வயதில் கை கோத்துப் பழகாதவர்களைப் பதினாறு வயதில் சுற்றறிக்கை போட்டுக் கை கோக்கவைக்க முடியாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 'கிளாஸ்லயே கேம்ஸ் வெச்சாச்சே, அப்புறம் பி.டி. பீரியட் எதுக்கு' என்று இந்தப் பதிவையே காட்டிக் கேட்க ஒரு கூட்டம் வரும். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பெரிய கும்பிடு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டை வைத்து ஆடும் கால் மணி நேரம் அதற்கு ஈடாகாது. விளையாட்டு மைதானம் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை அவர்களுக்குக் கொடுங்கள் என்று 2024 குழந்தைகள் தின விழாவில், அன்று துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். துணை முதல்வர் மேடை ஏறிக் கெஞ்ச வேண்டிய நிலையில் ஒரு பீரியட் இருக்கிறது என்றால் நிலவரத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். கடன் வாங்கிய பீரியடை இதுவரை எவராவது திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மேற்பார்வைக்கு வருகிறவர்களிடமும், நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகும் என் வகுப்புத் தோழர்களிடமும் ஒரே ஒரு கோரிக்கை. லெஸன் பிளானில் 'செயல்பாடு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். 'ஆட்டத்தில் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை நிமிடம்?' அதில் பூஜ்யம் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு எண்ணை எழுத வேண்டி வந்தால் மியூசிக்கல் சேர் தானாகவே ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும்.

பி.கு: உங்கள் ஊரில் யாருமே அவுட் ஆகாத ஆட்டம் வேறு ஏதாவது உண்டா? பெயரையும் விதியையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பாட்டு முழுசா ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.